முகமும் குரலும் சொத்தான வரலாறு

ஒருவருடைய பெயரையோ முகத்தையோ குரலையோ அவரைக் கேட்காமல் பிறர் தம் வியாபாரத்துக்குப் பயன்படுத்தக் கூடாது என்பது இன்று யாரும் எடுத்துச் சொல்ல வேண்டாத நியாயமாகத் தோன்றினாலும், சட்டம் அதை ஒப்புக்கொண்டு ஏறத்தாழ நூற்றிருபது ஆண்டுகள்தான் ஆகின்றன. தமிழ் இதழ்கள் 'ஆளுமை உரிமை' என்று குறிப்பிடும் இந்த உரிமையை எந்த அரசியல் சாசனமும் முன்கூட்டியே வகுத்துவைக்கவில்லை. எந்தச் சட்டமன்றமும் அதை ஒரே மூச்சில் இயற்றிவிடவுமில்லை. மாவு மூட்டை விற்க ஒட்டிய சுவரொட்டி, சூயிங்கத்தோடு இனாமாகக் கிடைத்த படம், பீரங்கிக்குள்ளிருந்து பாய்ந்த சாகசக்காரர், பொய்முடி சூட்டப்பட்ட ஓர் இயந்திர பொம்மை என்று, கேட்ட மாத்திரத்தில் சிரிப்பை வரவழைக்கும் வழக்குகளின் வழியாக, பெரும்பாலும் அமெரிக்க நீதிமன்றங்களில், அது துண்டுதுண்டாக உருவாயிற்று. அவமானப்பட்ட சாதாரண மனிதருக்காக முதலில் கேட்கப்பட்ட பாதுகாப்பு, ஏறத்தாழ அரை நூற்றாண்டில் புகழ்பெற்றவர்கள் விற்கவும் வாடகைக்கு விடவும் கூடிய சொத்தாக மாறிப்போனதே இந்த வரலாற்றின் முக்கியமான திருப்பம்.

1890ஆம் ஆண்டு பாஸ்டன் வழக்கறிஞர்களான சாமுவேல் வாரனும் லூயி பிராண்டைசும் ஹார்வர்டு சட்ட இதழில் எழுதிய கட்டுரையொன்று, அந்தரங்க உரிமை, அதாவது பிறருடைய கண்ணிலும் வாயிலும் படாமல் தன்பாட்டில் வாழ்வதற்கு ஒருவருக்குள்ள உரிமை, சட்டத்தால் காக்கப்பட வேண்டும் என்று வாதிட்டது. கைக்கடக்கமான கேமராக்களும் பரபரப்புச் செய்தித்தாள்களும் பெருகிவந்த காலம் அது. அந்த வாதம் நீதிமன்றத்தில் எடுபடுமா என்பதைச் சோதித்த முதல் பெரிய வழக்கு நியூயார்க் மாநிலத்தின் ராச்செஸ்டர் நகரிலிருந்து வந்தது. அங்கு வாழ்ந்த அபிகெய்ல் ராபர்சன் என்ற இளம்பெண்ணின் படம், அவரிடம் ஒரு வார்த்தைகூடக் கேட்கப்படாமல், பிராங்க்ளின் மில்ஸ் என்ற மாவு நிறுவனத்தின் விளம்பரத்தில் அச்சாகி, 25,000 பிரதிகளாகக் கடைகளிலும் கிடங்குகளிலும் மதுக்கூடங்களிலும் தொங்கியது. படத்தில் ஆபாசமாக எதுவுமில்லை. அழகான படம் என்றே நீதிபதிகளும் கருதினார்கள். ஆயினும் தெரிந்தவர்கள் அடையாளம் கண்டு கேலி பேசியதால் மனமுடைந்து நோய்வாய்ப்பட்டதாகவும், மருத்துவரை அழைக்க வேண்டியதாயிற்று என்றும் கூறி, 15,000 டாலர் இழப்பீடு கேட்டார் அவர்.

மாநிலத்தின் உச்ச நிலை மேல்முறையீட்டு மன்றம் 1902இல் நான்குக்கு மூன்று என்ற கணக்கில் அவருடைய கோரிக்கையைத் தள்ளியது. முன்னுதாரணம் எதுவுமில்லாத உரிமையை நீதிமன்றம் புதிதாகப் படைக்க முடியாது, படைத்தால் வழக்குகள் வெள்ளமாகப் பெருகும் என்பது தலைமை நீதிபதி ஆல்டன் பார்க்கரின் நிலைப்பாடு. செய்தித்தாள்கள் இந்தத் தீர்ப்பைக் கடுமையாகக் கண்டித்தன. மறுவருடமே நியூயார்க் சட்டமன்றம் ஒருவருடைய பெயரையோ படத்தையோ எழுத்துமூலமான சம்மதமின்றி விளம்பரத்துக்குப் பயன்படுத்துவதைத் தடைசெய்து சட்டம் இயற்றியது. 1904இல் ஜனநாயகக் கட்சியின் குடியரசுத் தலைவர் வேட்பாளராக நின்ற அதே பார்க்கர், பத்திரிகைப் புகைப்படக்காரர்கள் தம்மையும் தம் குடும்பத்தினரையும் ஓயாமல் துரத்துவதாகக் குறைபட்டுக்கொண்டபோது, அப்படி ஓர் உரிமை கிடையாது என்று தீர்ப்பளித்தவர் நீங்கள்தாமே என்று ராபர்சன் பகிரங்கக் கடிதம் எழுதினார். வழக்கில் தோற்றவருக்கு இவ்வளவு கச்சிதமான பதிலடிக்கு வாய்ப்புக் கிடைப்பது சட்ட வரலாற்றில் அபூர்வம்.

ஜார்ஜியா மாநிலத்தின் உச்ச நீதிமன்றம் இந்தத் தயக்கத்தை 1905இல் உதறியது. அட்லாண்டா நகர ஓவியர் பாவ்லோ பாவேசிச்சின் புகைப்படம், காப்பீடு எடுத்துக்கொண்டு செழிப்பாக வாழும் மனிதரின் படமாக ஒரு செய்தித்தாள் விளம்பரத்தில் வந்திருந்தது. அவரோ அந்த நிறுவனத்தில் காப்பீடே எடுத்தவரல்லர். அந்தரங்க உரிமை மீறப்பட்டது என்று நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. ஆனால் இந்த இரண்டு மாநிலங்களிலும் சட்டம் ஈடுசெய்ய முன்வந்தது மனத்துக்கு நேர்ந்த காயத்தையே. பொதுவெளிக்கு வர விரும்பாத ஒருவரை வலுக்கட்டாயமாக இழுத்துவந்து நிறுத்தியதுதான் குற்றம். அப்படியானால் பொதுவெளியிலேயே வாழ்ந்து, அதன்மூலம் பிழைக்கும் நடிகருக்கும் விளையாட்டு வீரருக்கும் என்ன காயம் என்ற கேள்வி உடனே எழுந்தது.

அந்தக் கேள்விக்கு நீதிமன்றங்கள் நெடுங்காலம் சொன்ன பதில் இரக்கமற்றது. டெக்சாஸ் பல்கலைக்கழக அணியொன்றில் ஆடிப் புகழ்பெற்ற கால்பந்து வீரர் டேவி ஓப்ரையனின் படத்தைப் பாப்ஸ்ட் பீர் நிறுவனம் தன் 1939ஆம் ஆண்டு நாட்காட்டியில் பீர் புட்டியோடு சேர்த்து வெளியிட்டது. இளைஞர்கள் மது அருந்துவதை எதிர்க்கும் இயக்கமொன்றில் அவர் ஈடுபட்டிருந்தார் என்பதால் அது அவருக்கு இரட்டைச் சங்கடம். 1941இல் கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் அவரது வழக்கை நிராகரித்தது. விளம்பரத்தைத் தேடி அலைந்தவருக்கு இனி அந்தரங்கம் எங்கே மிச்சமிருக்கிறது என்பதே அதன் சாரம். சார்லி சாப்ளின் மட்டும் சற்று முன்னதாகவே தப்பியிருந்தார்: தொளதொளத்த கால்சட்டையும் சிறு மீசையும் கைத்தடியுமாக 'சார்லி ஆப்லின்' என்ற பெயரில் திரையில் தோன்ற முயன்ற சார்லஸ் அமடோர் என்ற நடிகரை 1928இல் கலிபோர்னிய நீதிமன்றம் தடுத்தது. ஆனால் அங்கும் காக்கப்பட்டது சாப்ளினின் உருவம் அன்று. ஏமாந்து டிக்கெட் வாங்கக்கூடிய ரசிகரின் பணமும் நியாயமான வியாபாரப் போட்டியும்தான்.

இந்த நிலையைப் புரட்டிப்போட்டது சூயிங்கம். பேஸ்பால் ஆட்டக்காரர்களின் படங்களைச் சூயிங்கப் பொட்டலத்தோடு வைத்து விற்பது அமெரிக்காவில் பெரிய வியாபாரம். சிறுவர்கள் வாங்கியது பெரும்பாலும் படத்துக்காகத்தான். அந்தப் படங்களைத் தான் மட்டுமே பயன்படுத்தலாம் என்று ஆட்டக்காரர்களோடு ஒப்பந்தம் செய்திருந்த ஹேலன் லேபரட்டரீஸ் என்ற நிறுவனம், அதே ஆட்டக்காரர்களின் படங்களை வெளியிட்ட டாப்ஸ் நிறுவனத்தின்மீது வழக்குத் தொடுத்தது. பழைய சட்டப்படி ஆட்டக்காரர் கொடுத்த சம்மதம் என்பது 'நான் உன்மீது வழக்குப் போடமாட்டேன்' என்ற உறுதிமொழி மட்டுமே. மனக்காயத்தை இன்னொருவருக்கு எழுதிக்கொடுக்க முடியாதாகையால், அதை வாங்கியவர் மூன்றாம் ஆளைத் தடுக்க வழியில்லை. 1953இல் நீதிபதி ஜெரோம் பிராங்க் இந்த முடிச்சை அவிழ்த்தார். அந்தரங்க உரிமைக்கு அப்பால், தன் படத்தின் விளம்பர மதிப்பின்மீது ஒருவருக்குத் தனியே ஓர் உரிமை உண்டு, அதை வேறொருவருக்கு முழுமையாக வழங்கவும் முடியும் என்று கூறி, அதற்குப் 'பப்ளிசிட்டி உரிமை' என்று பெயரிட்டார். வெட்கம் சொத்தானது இந்த இடத்தில்தான். வழக்கில் வாதியும் பிரதிவாதியும் சூயிங்க நிறுவனங்களே. உரிமைக்கு உரியவர்களான ஆட்டக்காரர்களில் ஒருவர்கூட வழக்கில் தரப்பினர் அல்லர் என்பதைக் கவனிக்காமல் கடந்துபோக முடியாது. அடுத்த ஆண்டு இந்த உரிமையை விரித்து எழுதிப் பரப்பிய மெல்வில் நிம்மரும் பாரமவுண்ட் திரைப்பட நிறுவனத்தின் சட்டப் பிரிவில் பணியாற்றியவர்தான்.

ஓர் உரிமை சொத்து என்று ஆனவுடன் சொத்துக்கு எழும் எல்லாக் கேள்விகளும் அதற்கும் எழுந்தன. அவற்றில் முதலாவது, இறந்தபின் யாருக்குப் போகும் என்பது. ஹங்கேரியில் பிறந்த பேலா லுகோசி நியூயார்க் நாடக மேடையில் டிராகுலாவாக நடித்துப் பெயர்பெற்று, யூனிவர்சல் நிறுவனம் 1931இல் வெளியிட்ட படத்திலும் அதே வேடத்தில் நடித்தார். இன்றும் டிராகுலா என்றதும் உலகம் நினைத்துக்கொள்ளும் கருப்பு மேலங்கியும், பின்னால் வாரிய முடியும், இழுத்துப் பேசும் ஹங்கேரிய உச்சரிப்பும் அவர் கொடுத்தவை. அதற்குப் பின் வேறு வேடங்களில் பெரிதாகச் சோபிக்க முடியாமல், வறுமையிலும் போதை மருந்துப் பழக்கத்திலும் நலிந்து 1956இல் இறந்த அவரை, அந்த மேலங்கியைப் போர்த்தியே அடக்கம் செய்தார்கள். நான்கு ஆண்டுகள் கழித்து யூனிவர்சல் நிறுவனம் டிராகுலா உருவம் பொறித்த முகமூடி, பொம்மை, சட்டை முதலியவற்றைத் தயாரிக்கப் பல நிறுவனங்களுக்கு உரிமம் வழங்கிப் பணம் ஈட்டத் தொடங்கியது. அந்த உருவம் தம் தந்தையின் முகம், ஆகவே வருமானம் தங்களுக்கு உரியது என்று மகனும், லுகோசியின் கடைசி மனைவியும் வழக்குத் தொடுத்தார்கள்.

நெடுங்காலம் நடந்த இந்த வழக்கில், விசாரணை நீதிமன்றம் குடும்பத்தின் பக்கம் நின்றது. ஆனால் 1979இல் கலிபோர்னிய உச்ச நீதிமன்றம், தன் பெயரையும் உருவத்தையும் வியாபாரமாக்கும் உரிமை ஒருவர் உயிரோடிருக்கும்போது தாமே பயன்படுத்த வேண்டியது, பயன்படுத்தாமல் விட்டால் அவரோடு முடிந்துபோகும் என்று தீர்ப்பளித்தது. உழைப்பால் சேர்த்த வீடும் நிலமும் பிள்ளைகளுக்குப் போகும்போது உழைப்பால் சேர்த்த புகழ் மட்டும் ஏன் போகக்கூடாது என்பது, மாறுபட்ட தீர்ப்பு எழுதிய தலைமை நீதிபதி ரோஸ் பேர்டின் வாதத்தின் சாரம். அன்று தோற்ற அந்த வாதம் ஐந்தே ஆண்டுகளில் வென்றது. திரைத் துறையின் தாயகமான கலிபோர்னியா 1984இல், இறந்தவரின் பெயரும் உருவமும் ஐம்பது ஆண்டுகள் வாரிசுகளுக்கே உரியவை என்று சட்டம் இயற்றிப் பின்னர் அதை எழுபதாகவும் நீட்டியது. பூத உடலுக்கு இல்லாத ஆயுளைச் சட்டம் அதன் நிழலுக்கு வழங்கியது எனலாம்.

அமெரிக்க உச்ச நீதிமன்றம் இந்த உரிமையைப் பற்றி நேரடியாகத் தீர்ப்புச் சொன்ன ஒரே வழக்கு, பதினைந்து விநாடிச் சாகசம் ஒன்றைப் பற்றியது. ஹியூகோ சக்கினி பீரங்கிக்குள் புகுந்து, வெடித்த வேகத்தில் ஏறக்குறைய இருநூறு அடி பாய்ந்து வலையில் விழும் சாகசக்காரர். 1972இல் ஒஹையோ மாநிலத்தின் பர்ட்டன் என்ற ஊரில் நடந்த திருவிழாச் சந்தையில், படமெடுக்க வேண்டாம் என்று அவர் கேட்டுக்கொண்டும், மறுநாள் திரும்பிவந்த தொலைக்காட்சிச் செய்தியாளர் முழு நிகழ்ச்சியையும் பதிவுசெய்துபோக, அன்றிரவுச் செய்தியில் அது ஒளிபரப்பாயிற்று. செய்தி வெளியிடும் சுதந்திரம் தமக்குண்டு என்றது நிலையம். அவர் பாய்ந்தார் என்று சொல்வது செய்தி; பாய்ச்சல் முழுவதையும் காட்டிவிடுவது அவருடைய பிழைப்பைப் பறிப்பது என்ற கருத்தில், 1977இல் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் சக்கினியின் பக்கம் தீர்ப்பானது. ஆளுமை உரிமையை ஆதரிப்பதற்கு இதைவிட நேர்மையான காரணம் வேறெந்த வழக்கிலும் கிடைக்கவில்லை: காசு கொடுத்துப் பார்க்க வேண்டிய வித்தையை வீட்டிலிருந்தே பார்த்தவர் மறுநாள் சந்தைக்குப் போவாரா?

எண்பதுகளில் வழக்குகள் முகத்தைவிட்டு, முகத்தை நினைவூட்டுபவற்றின் பக்கம் நகர்ந்தன. ஜாக்குலின் கென்னடி ஒனாசிஸின் சாயலுள்ள பெண்ணொருத்தியை வைத்து எடுத்த கிறிஸ்டியன் டியோர் விளம்பரத்தை 1984இல் நியூயார்க் நீதிமன்றம் நிறுத்தியது. அதற்கு ஆதாரமாகக் கொண்டது, மாவு மூட்டைப் பெண்ணுக்குத் தாமதமாகக் கிடைத்த அந்த 1903ஆம் ஆண்டுச் சட்டத்தையே. அதற்கு முந்தைய ஆண்டு, தொலைக்காட்சி நிகழ்ச்சியாளர் ஜானி கார்சனை மேடைக்கு அழைக்கும் வழக்கமான அறிவிப்புச் சொல்லைத் தன் வாடகைக் கழிப்பறைகளுக்குப் பெயராக வைத்த மிச்சிகன் நிறுவனமும், பெயரோ படமோ எதுவும் பயன்படுத்தாமலே வழக்கில் தோற்றிருந்தது.

இவற்றுள் நுட்பமானது குரலைப் பற்றிய வழக்கு. 1985இல் போர்டு நிறுவனத்தின் கார் விளம்பரங்களுக்காக, யங் அண்ட் ரூபிகம் என்ற விளம்பர முகமை, எழுபதுகளில் கல்லூரி மாணவர்களாயிருந்து இப்போது கார் வாங்கும் வயதுக்கு வந்தவர்களின் பழைய நினைவுகளைக் கிளற அக்காலப் பாடல்களைத் தேர்ந்தெடுத்தது. பாடகி பெட் மிட்லரின் மேலாளரை அணுகியபோது முடியாது என்று பதில் வந்தது. உடனே முகமை, பத்து ஆண்டுகள் மிட்லருக்குப் பின்பாட்டுப் பாடிய யூலா ஹெட்விக்கை அழைத்து, இசைத்தட்டில் இருப்பதைப்போலவே முடிந்தவரை பாடும்படி சொன்னது. பாடலுக்குரிய பதிப்புரிமைக் கட்டணம் முறையாகச் செலுத்தப்பட்டது. மிட்லரின் பெயரோ படமோ விளம்பரத்தில் இல்லை. விளம்பரத்தைக் கேட்டவர்கள் மிட்லரே பாடியதாக நினைத்தார்கள் என்பதுதான் வழக்கு. முகமையின் செயலைத் திருட்டுக்கு ஒப்பிட்டுக் கண்டித்த கீழ் நீதிமன்றம், அதைத் தடுக்கச் சட்டத்தில் இடமில்லை என்று கைவிரித்தது. 1988இல் மேல்முறையீட்டில் நீதிபதி ஜான் நூனன், குரலும் முகத்தைப்போலவே ஒருவரை அடையாளம் காட்டுவது என்று கொண்டு, பரவலாக அறியப்பட்ட தொழில்முறைப் பாடகரின் தனித்துவமான குரலைப் பொருள் விற்பதற்காக வேண்டுமென்றே போலிசெய்தால் அது சட்ட மீறல் என்று வகுத்தார். மிமிக்ரிக் கலைஞர் மேடையில் குரல் மாற்றிப் பேசுவதை இது தொடவில்லை. ஜூரி பின்னர் மிட்லருக்கு 4 லட்சம் டாலர் வழங்கியது. நான்கு ஆண்டுகள் கழித்து, விளம்பரங்களில் பாடுவதையே கொள்கையளவில் மறுத்துவந்த டாம் வெய்ட்ஸின் கரகரத்த குரலை ஒரு சிப்ஸ் விளம்பரத்துக்குப் போலிசெய்த வழக்கில் இழப்பீடு 20 லட்சம் டாலரைத் தாண்டியது. விளம்பர உலகின் பசப்பைக் கிண்டல்செய்து அவர் பாடிய பாட்டே அந்த விளம்பரத்துக்கு முன்மாதிரியாகக் கொள்ளப்பட்டது என்பது இந்த வழக்கின் தனிச்சுவை.

இந்த உரிமையின் வேலி எவ்வளவு தூரம் போகலாம் என்ற கேள்வியை எழுப்பியது சாம்சங் நிறுவனத்தின் விளம்பரம். தங்கள் வீடியோ கருவி எதிர்காலத்திலும் உழைக்கும் என்று காட்டுவதற்காக, 2012ஆம் ஆண்டில் நடப்பதுபோல, பொய்முடியும் நீண்ட கவுனும் நகையும் அணிந்த இயந்திர மனிதப் பெண்ணொன்று எழுத்துப் பலகையருகே நிற்கும் படத்தை அது வெளியிட்டிருந்தது. 'வீல் ஆஃப் பார்ச்சூன்' நிகழ்ச்சியில் எழுத்துகளைத் திருப்பும் வன்னா ஒயிட் வழக்குத் தொடுத்தார். பொம்மையின் முகம் அவர் முகமன்று, குரலில்லை, பெயரில்லை. ஆயினும் பார்த்தவருக்கு நினைவு வருவது அவர்தான் என்பதே போதும் என்று 1992இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் கருதியது. ஜூரி 4,03,000 டாலர் வழங்கியது. மறுவிசாரணை மறுக்கப்பட்டபோது நீதிபதி அலெக்ஸ் கோசின்ஸ்கி எழுதிய மாறுபட்ட கருத்து, இத்துறையில் அதிகம் வாசிக்கப்படும் சட்ட எழுத்துகளில் ஒன்று. ஒருவரை நினைவூட்டுவதெல்லாம் அவருடைய சொத்தென்றால் கேலிக்கும் கலைக்கும் இடமில்லாமல் போகும், அறிவுசார் சொத்துக்கு அளவுக்குமீறிய காப்பளிப்பது காப்பளிக்காமல் விடுவதைப்போலவே கேடானது என்று அவர் எச்சரித்தார். சக்கினியிடமிருந்து ஒரு பிழைப்பும், மிட்லரிடமிருந்து அவர் மறுத்த ஒரு சேவையும் பறிக்கப்பட்டன. வன்னா ஒயிட்டிடமிருந்து பறிக்கப்பட்டது என்ன என்று தேடினால் ஒரு நகைச்சுவைதான் அகப்படுகிறது. கோசின்ஸ்கியின் பக்கமே நியாயம் கூடுதல்.

இந்தியாவில் இந்த உரிமைக்கென்று தனிச் சட்டம் இல்லாமையால், நீதிமன்றங்கள் அதை அந்தரங்க உரிமையிலிருந்தே கிளைக்கவைத்தன. அதற்கான வித்து ஊன்றப்பட்டது தமிழ்நாட்டு வழக்கு ஒன்றில். மரண தண்டனைக் கைதியான ஆட்டோ சங்கர் சிறையிலிருந்து எழுதிய சுயசரிதையை 'நக்கீரன்' வெளியிடுவது தொடர்பான 1994ஆம் ஆண்டுத் தீர்ப்பில், உச்ச நீதிமன்றம், பொது ஆவணங்களில் உள்ளதை வெளியிடத் தடையில்லை என்று பத்திரிகையின் உரிமையை நிலைநாட்டிய அதே கையோடு, ஒருவருடைய பெயரையோ உருவத்தையோ அவர் சம்மதமின்றி விளம்பரத்துக்குப் பயன்படுத்துவது அந்தரங்க மீறல் என்றும் குறிப்பிட்டது. கொலைக் குற்றவாளியின் வழக்கில் போகிறபோக்கில் சொல்லப்பட்டது, இருபது ஆண்டுகளுக்குப் பின் உச்ச நட்சத்திரத்துக்குப் பயன்பட்டது. 'மைன் ஹூன் ரஜினிகாந்த்' என்ற இந்திப் படம் தம் பெயரையும் உருவத்தையும் பாணியையும் பயன்படுத்துவதாக சிவாஜி ராவ் கெய்க்வாட் என்ற தம் இயற்பெயரில் ரஜினிகாந்த் சென்னை உயர் நீதிமன்றத்தை நாடினார். ரஜினிகாந்த் என்பது யாரும் வைத்துக்கொள்ளக்கூடிய பெயர்தானே, படம் அவருடைய வாழ்க்கைக் கதையும் அன்றே என்பது எதிர்த்தரப்பு வாதம். 2015 பிப்ரவரியில் நீதிமன்றம், பிரபலமானவரைப் பார்ப்போர் அடையாளம் கண்டுகொள்ள முடிந்தால் அதுவே போதும், மக்கள் குழம்பினார்கள் அல்லது ஏமாந்தார்கள் என்று மெய்ப்பிக்கத் தேவையில்லை என்று கூறித் தடை விதித்தது. படம் பெயர் மாறி வெளிவந்தது. ஆப்லின் வழக்கில் சாப்ளினுக்குத் தேவைப்பட்ட சான்று ரஜினிகாந்துக்குத் தேவைப்படவில்லை.

இறந்தவர்களைப் பொறுத்தவரை சென்னை, லுகோசி வழக்கின் பழைய தீர்ப்போடு ஒத்துப்போயிற்று. ஜெயலலிதாவின் வாழ்க்கையைத் தழுவிய 'தலைவி' படத்தையும் 'குயின்' தொடரையும் தடுக்கக் கோரி அவருடைய அண்ணன் மகள் தீபா தொடுத்த வழக்கில், 2021 ஏப்ரலில் இரு நீதிபதிகள் அமர்வு, ஒருவர் ஈட்டிய அந்தரங்கமும் நற்பெயரும் அவரோடு முடிகின்றன, அசையும் சொத்தையும் அசையாச் சொத்தையும்போல அவை வாரிசுகளுக்கு இறங்குவதில்லை என்று தீர்ப்பளித்தது. அது வாழ்க்கைக் கதையைப் படமாக்கிய வழக்கேயன்றிப் பொருள் விற்ற வழக்கன்று என்றாலும், அதன் சொற்கள் அகலமானவை.

செயற்கை நுண்ணறிவு வந்தபின் யூலா ஹெட்விக்கின் வேலையைக் கணினி செய்கிறது. 2024 ஜூலையில் பம்பாய் உயர் நீதிமன்றம், பாடகர் அரிஜித் சிங்கின் குரலை அவர் அனுமதியின்றி மென்பொருளால் உருவாக்குவதைத் தடுத்தது. அவர் வாழ்ந்துகொண்டிருப்பவர். அதே ஆண்டுத் தொடக்கத்தில், தெலுங்குப் படமொன்றில் மறைந்த பாடகர் எஸ்.பி. பாலசுப்ரமணியத்தின் குரலைச் செயற்கையாகப் பயன்படுத்தியதை எதிர்த்து அவருடைய மகன் சரண் வழக்கறிஞர் அறிவிப்பு அனுப்பினார். ஏறக்குறைய அதே நாட்களில் 'லால் சலாம்' படப் பாடல் ஒன்றுக்காக மறைந்த பாடகர்கள் பம்பா பாக்கியா, சாகுல் ஹமீது இருவரின் குரல்களையும் மென்பொருளால் மீட்ட ஏ.ஆர். ரகுமான், இரு குடும்பங்களிடமும் முன்கூட்டியே அனுமதி பெற்று உரிய ஊதியமும் கொடுத்ததாக அறிவித்தார். 2021ஆம் ஆண்டுத் தீர்ப்பை எழுத்துக்கு எழுத்து எடுத்துக்கொண்டால், அந்த அனுமதியைக் கேட்கவோ அந்த ஊதியத்தைக் கொடுக்கவோ அவரைக் கட்டாயப்படுத்தும் சட்டம் எதுவும் சென்னையில் இல்லை.